மூன்று பேருக்கான வரம்பு

மார்ச் 4
படுக்கையறைச் சுவர் மறுபடி ஈரம். கட்டிலை அறைக்கு நடுவே இழுத்துப் போட்டாயிற்று. இன்னும் இழுத்தால் தெருவில்தான் படுக்க வேண்டும். பாப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. "மருந்து குடுத்துட்டே இருக்கலாம்மா. முதல்ல வீட்டை மாத்துங்க" என்கிறார் டாக்டர். ஏதோ ஆசைப்பட்டு இங்கே குடியிருக்கிற மாதிரி!

குறைந்த வாடகைக் குடியிருப்புக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களாம். புதுக் கட்டடம், இரண்டு அறை. குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் போதும்.

மார்ச் 6
ஆஸ்பத்திரித் துணிகளை இஸ்திரி போடுகிற என் சம்பளம், வேன் ஓட்டுகிற இவர் சம்பளம், பள்ளிக்கூடம் பெருக்கி அண்ணி கொண்டுவருவது. அண்ணி இவருடைய அக்கா, ஹாலில் படுத்துக்கொள்கிறார். மூன்று சம்பளமும் சேர்ந்தால் எங்கே வரம்பைத் தாண்டிவிடுமோ?

"அண்ணி பேரை விட்டுடலாமா?" என்று நான்தான் கேட்டேன். இவர் எழுந்து டம்ளர் கழுவப் போனார். இவர் டம்ளர் கழுவினால் சம்மதம் என்று அர்த்தம்.

மார்ச் 9
விசாரிக்க வீட்டுக்கே ஆள் வருமாம். அண்ணியிடம் சொன்னேன், கொஞ்ச நாளைக்கு வெளியே தங்கினால் போதும் என்று. "எனக்கென்ன, ஒரு பைதானே" என்றார். கூட வேலை செய்கிறவள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹாலில் இன்று குறட்டை இல்லை. நிம்மதி என்று எழுத வந்தேன். இல்லை.

ஏப்ரல் 2
விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

வரம்பு எல்லோருக்கும் ஒன்று இல்லையாம். வீட்டில் ஆள் கூடக்கூட வரம்பும் கூடுமாம். கவுண்டரில் இருந்த பெண் அட்டவணையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று பேருக்கான வரம்பை எங்கள் இரண்டு சம்பளமே கொஞ்சம் தாண்டிவிட்டது. அண்ணியையும் அவர் சம்பளத்தையும் சேர்த்து நான்கு பேர் என்று போட்டிருந்தால் தாராளமாக உள்ளே வந்திருப்போம்.

"வீட்ல வேற யாருமே இல்லையாம்மா?" என்று கேட்டாள், நல்ல மனசோடுதான். இல்லைன்னு எழுதிக் குடுத்ததே நான்தானே. என்ன ஒரு மூளை எனக்கு!

ஏப்ரல் 3
இவர் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 7
அண்ணியைக் கூட்டிவரப் போனேன். நான்கு பேராக மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றேன்.

"நான் அண்ணியா வரணுமா, நாலாவது ஆளா வரணுமா?"

அண்ணி, கூட வேலை செய்கிறவளைக் கை காட்டினார்.

"இவ சொன்னான்னு நானும் தனி ஆளா விண்ணப்பம் போட்டுட்டேன். ஒரே பேரை ரெண்டு இடத்துல போட முடியாதாமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 18
அண்ணிக்குக் கிடைத்துவிட்டது. அதே குடியிருப்பில், ஒற்றை அறை. தனி ஆளுக்கான வரம்புக்கு அவர் சம்பளம் எங்கேயோ கீழே.

சந்தோஷமா எனக்கு? பொறாமைதான். பொறாமைப்பட என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே பொறாமைப்பட்டேன்.

ஜூன் 29
அண்ணி வீட்டுக்குப் போனோம். போனதும் சுவரைத்தான் தொட்டுப் பார்த்தேன். அண்ணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

பாப்பா அத்தை கட்டிலில் தூங்கிப்போனாள். ஒரு தடவைகூட இருமவில்லை. கிளம்பும்போது எழுப்பப் போனேன்.

"விடு. நெஞ்சு சளி சரியாகுற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். அவ படிக்கிறதும் நான் வேலைக்குப் போற பள்ளிக்கூடம்தானே, கூட்டிட்டுப் போறேன்."

"ஆள் கூடியிருக்குன்னு யாராவது கேட்டா அண்ணி?"

"என் தம்பி பொண்ணு வந்திருக்கான்னு சொல்றேன். இதுல மறைக்க என்ன இருக்கு?"

குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டார். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு என்று நான்தான் சொன்னேன்.