நான் விரலால் தள்ளிய முள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்று உன் நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறாய், அதனால் அதை விட்டுவிடுகிறேன். உன் உடம்பு எப்படி என்று எழுது. அப்பா காலையில் இருமி முடித்ததும் பேப்பர் படிக்கிறார். பட்டாளத்துக்காரர்கள் இந்த மாதமும் வேலிக்கு அந்தப் பக்கம் புகைத்திரை போட்டுப் பழகினார்கள், எதிரியின் கண்ணில் படாமல் மறைவதற்காம். எதிரி யாரும் வரவில்லை, நம் சலவைக் கடைதான் மறைந்தது. கொடியில் கிடந்த ஹோட்டல் விரிப்புகள் முப்பதையும் மறுபடி அலசினேன், கொடிக்கம்பி துருவேறிவிட்டது, தக்காளிச் செடி இலையெல்லாம் ஓரம் கருகிவிட்டது, பின்பக்கக் குட்டையில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. இந்தப் புகையால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டிய சிப்பாய் முகமூடி போட்டிருந்தான்.

இதெல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கும். உன் புகை ஆராய்ச்சிக்காக ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் போனில் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொள்கிறாயே, இருமல் எப்படி, மாடிப்படி ஏறினால் இளைக்கிறதா என்று. பெற்றவளுக்கு மாதம் ஒரு தடவை, அதுவும் சாப்டியாம்மா, சரிம்மா, வெச்சுடட்டுமா. அவள் மதிலில் சாய்ந்துகொண்டு, உங்க பொண்ணு தங்கம்க்கா, நேத்து சளி பச்சையா வந்துச்சுன்னு சொன்னேன், எவ்வளவு ஆசையா எழுதிக்கிட்டா தெரியுமா என்கிறாள். புது நகை போட்டவள்போல் இருமிக் காட்டுகிறாள். நான் ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் இருப்பதால் என்னைக் கேட்க ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை வந்தபோது எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து, மூச்சு அளக்கும் ஊதுகுழாயை ஊதச் சொன்னாய், முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்ல மூச்சு என்றாய். தையல்காரிக்கு முள் இருநூற்று எண்பதில் நின்றது. எனக்கு இருநூற்று நாற்பது. நீ கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாய், நான் முள்ளை விரலால் நானூற்றுக்குத் தள்ளினேன். அவளிடம் தோற்க மனம் வரவில்லை, வேறு காரணம் இல்லை. நிமிர்ந்து பார்த்து, அட, அம்மா! என்றாய். அந்தச் சொல்லுக்கு இன்னொரு நூறு தள்ளியிருப்பேன்.

போன வாரம் பட்டாள முகாம் அதிகாரி தெருக்காரர்களைக் கூட்டி, நீ அனுப்பிய ஆராய்ச்சி அறிக்கையைப் படித்தார். வேலியோரத்தில் இருபது வருஷமாகத் துணி துவைக்கும் அம்மாவுக்கே நானூறு, ஆகவே பயிற்சி தொடரும் என்றார். கை தட்டினார்கள். நான் பெருமையாக எழுந்தேன், வணக்கம் சொல்வதற்குள் இருமல் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். தையல்காரிதான் தண்ணீர் கொடுத்தாள். என்னக்கா, என்னோடதவிட பெரிசா இருக்கே என்றாள், முகம் சுருங்கிவிட்டது. நேற்று நீ அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன குழாயை வாங்கி ஊதினேன். இருநூற்றுப் பத்து. முள்ளைத் தொடவில்லை, அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் நானூற்றை அடித்துவிட்டு உண்மையை எழுதி, அந்த அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்பு. இந்தத் தெருவே என் விரலால் புகை குடிக்கிறது. என்னைத் திட்டவேண்டும் என்றால் போனில் திட்டு, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் திட்டு. நீ நல்ல காற்றில் நூறு வருஷம் இரு. ஞாயிற்றுக்கிழமை முதலில் எனக்கு, அவளுக்கு அப்புறம், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அவளைவிட அதிகம் இருமும் உன் அம்மா