நார் போட்ட ரோடும் நான் போட்ட முள்ளும்

நெல்லிக்குப்பம்
மாசி 20

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் அண்ணன் எழிலனும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம். நீ அங்கே நலமா என்று கேட்கலாம் என்றால் போனை எடுத்தால்தானே, இன்றோடு பன்னிரண்டு நாள். அம்மா அடித்தால் எடுக்கிறாய், எழிலன் அடித்தால் எடுக்கிறாய், என் நம்பர் என்றால் மட்டும் மணி அடித்து ஓய்ந்து போகிறது. ஸ்வீடனுக்குத் தபால் போய்ச் சேர மூன்று வாரம் ஆகுமாம், அதனால் எழிலன் கடலூரில் வேலை முடிந்து வந்ததும் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதையாவது படி.

நான் செய்தது தப்புதான். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டுமாம், உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுத விடாமல் உயிரை வாங்குகிறாள். ஆனால் நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். ஆவணியில் வந்தாய். காண்டிராக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி நம் தெருவில் நூறு மீட்டருக்குத் தென்னை நார் கலந்த தார், அடுத்த நூறு மீட்டருக்கு வெறும் தார் என்று போட வைத்தாய். நாரை விரல்கணு நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்று வீட்டில் இருந்த கத்தரிக்கோலை எல்லாம் மழுங்கடித்தாய், அம்மாவுக்குக் கட்டைவிரல் கொப்பளித்துப் போனது, ரோட்டுக்குச் சவுரி வைக்கிறார்கள் என்று தெருவே சிரித்தது. சூடான ஜல்லியில் நாரைப் போட்டுப் புரட்டி, அப்புறம் தாரை ஊற்றி, கொட்டிப் பரப்பியபோது முப்பத்திரண்டு வருஷம் ரோலர் ஓட்டின நான் ரிட்டையர் ஆன பிறகும் ஏறி உட்கார்ந்து ஓட்டிக் கொடுத்தேன். ஸ்வீடனுக்குக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? ஞாயிற்றுக்கிழமைதோறும் இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து, அடியில் ஸ்கேலை விட்டு, ரோடு எத்தனை மில்லி அமுங்கியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து அனுப்பு, ஆனி மாதம் ஆராய்ச்சியை முடித்துக் கொடுக்க வேண்டும், என் நாலு வருஷப் படிப்பே இந்த ரோட்டில்தான் இருக்கிறது என்றாய். அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் பெற்றவன் சும்மா இருப்பானா?

புது ரோடு போட்டால் டிரம்மை உருட்டி வைத்து, முள்ளை வெட்டிப் போட்டு ஒரு நாள் மறிப்பது எங்கள் வழக்கம். நான் அந்த முள்ளை எடுக்கவே இல்லை, அவ்வளவுதான். சைக்கிளுக்கும் டூவீலருக்கும் மட்டும் சந்து விட்டேன். மார்கழியில் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கியதும் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி வந்தன, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஏரிக்கரை வழியாகத் திருப்பினேன். ஷேர் ஆட்டோக்காரன் சண்டைக்கு வந்தான், அவனையும் விடவில்லை. வாரா வாரம் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினேன், நீயும் துள்ளிக் குதித்தாய், புரொபசர் கைகொடுத்தார் என்றாய். அப்புறம் ஒருநாள் திடீரென்று, வெறும் தார் பக்கமும் எப்படி அப்பா பூஜ்யம் என்று கேட்டாய். ஒரு வண்டியைக்கூட விடவில்லையே என்று மார்தட்டிச் சொன்னேன் பார், அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது. வண்டி ஓடாத ரோட்டில் நார் தாங்கியதா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி அழுதுவிட்டாய். மேலே வண்டி ஓட வேண்டும் என்று முன்னாலேயே நம் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"ரோடு எதுக்குப் போடறாங்கன்னு ரோலர் ஓட்டுனவருக்குத் தனியா வேற சொல்லணுமா? சிதம்பரத்துல படிக்கறப்ப பொண்ண ஹாஸ்டல்ல வுடாம நாலு வருஷமும் பஸ்லயே இழுத்தடிச்ச ஆளுதான நீங்க, ரோட்ட மட்டும் வுட்டுடுவீங்களா?" என்றாள். எதை எதோடு முடிச்சுப் போடுகிறாள் பார்.

மறுநாள் காலையில் முள்ளை எல்லாம் வாரி எறிந்தேன். எறிந்து என்ன புண்ணியம், ஒரு டிராக்டர் வரவில்லை, எல்லாம் ஏரிக்கரையிலேயே பழகிவிட்டன. மானத்தை விட்டு ஆலை வாசலுக்குப் போய், வரிசையில் நின்ற அந்தோணிசாமியைப் பிடித்தேன். போன மாதம் நான் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பிய டிரைவர் அவன்தான். நம் தெரு வழியாக வாப்பா என்று கேட்டதும் மற்ற டிரைவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சிரித்தான். "டயர்ல காத்தப் புடுங்கிடுவேன்னு சொன்ன வாய்தான மாமா இது?" என்றான். உன் படிப்பு விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அதிலிருந்து தினமும் பதினைந்து இருபது டிராக்டர் கரும்போடு நம் தெருவில்தான் போகிறது. வீடு அதிருகிறது, அம்மா பாத்திரத்தை எல்லாம் அலமாரியில் இருந்து இறக்கி வைத்துவிட்டாள். அரவை சித்திரை வரைக்கும் இருக்குமாம், உனக்கு இன்னும் இரண்டு மாதம் கிடைக்கும். முள் போட்டிருந்த வாரங்களை மறைக்காதே, என் அப்பா செய்த வேலை என்று புரொபசரிடம் சொல்லிவிடு.

நேற்று அளந்தேன். வெறும் தார் பக்கம் மூன்று மில்லி அமுங்கியிருக்கிறது, நார்ப் பக்கம் ஒன்று. என் கண்ணில் நம்பிக்கை இல்லாமல் எழிலனையும் அளக்கச் சொன்னேன், அதேதான். ஸ்கேலோடு போட்டோ எடுத்திருக்கிறான். நான் போட்ட ரோடு அமுங்கியதற்கு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

வேளைக்குச் சாப்பிடு. நம் சாமி கொளஞ்சியப்பன் உனக்குத் துணை இருப்பான், எடுத்ததை நல்லபடியாக முடிப்பாய். பனியில் சைக்கிளை எடுக்காதே, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடு என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. உனக்குத் தெரியும், போய் வா. ஞாயிற்றுக்கிழமை அளந்ததும் அடிப்பேன், போனை மட்டும் எடு.

இப்படிக்கு,
முள்ளை எடுத்துவிட்ட உன் அப்பா,
சுப்புராயன்