அப்பாவின் கட்டைவிரல்

ஆவணி 12, வியாழன்

இன்று ஸ்ரீரங்கம் பத்திர ஆபீசில் அப்பா வீட்டை அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். உயிரோடு இருக்கும்போதே எழுதினால் செலவு குறைவாம்.

"சம்மதத்தோடதான் குடுக்கிறீங்களா?" என்று பதிவாளர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "எனக்கு என்னப்பா?" என்று கேட்க நினைத்தேன். கூச்சத்தில் தலை குனிந்துகொண்டேன். "ஆமாங்க" என்றார் அப்பா.

பக்கவாதத்தில் மூடிப்போன அவர் இடது கை, ரேகை மெஷினில் பதியவில்லை. "பாப்பா, நீ வா. நீ பிரிச்சாத்தான் அப்பா கை விரியும்" என்றான் அண்ணன். ஸ்கூலை விட்டதிலிருந்து தினமும் எண்ணெய் தேய்த்துப் பிரிப்பவள் நான்தான். அங்கேயும் பிரித்து, கட்டைவிரலை நானே அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் கட்டிலை நகர்த்தினார். "இனிமே அப்பா ரூம்லயே படுத்துக்க பாப்பா."

அப்பா இருக்கும்வரை சரி. அதற்குப் பிறகு நான் எங்கே படுப்பது?