செவ்வாய்க்கிழமைக் கருகமணி

2 செப்டம்பர் 2025
யுனிவர்சிட்டிக்கு முதலில் போட், அப்புறம் மெட்ரோ. கணக்கு வகுப்பில் தூக்கம். மாமி கட்டிக்கொடுத்த அரிசிப் பத்திரியைப் பக்கத்து பெஞ்ச் தன்யா பிடுங்கித் தின்றுவிட்டாள். கல்யாணமானவள் என்று முதல் வாரம் என்னைச் 'சேச்சி' என்றவள்தான்.

9 செப்டம்பர்
முதல் ஒர்க்‌ஷாப். இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்தின் முன்னால் நாணு சார் என் கழுத்தைப் பார்த்தார். "மாலையை ஊரிட்டு வா மோளே. மாட்டினா ஆளையே இழுக்கும்." கருகமணி சார், நிக்காஹ் அன்று கட்டியது, கழற்றக்கூடாது என்றேன். "அது மெஷினுக்குத் தெரியுமோ?"
வெளியே நின்றேன். ஆப்சென்ட். அவர் சொன்னது சரிதான். ஆனால் வீட்டில் யார் சொல்வது?

10 செப்டம்பர்
நானே சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்த மாமியின் கை நின்றது.
"என் புள்ள கடல்ல கெடக்கான். நான் என் கையால கட்டுனத கழட்டி மேசையில வெப்பியா? அப்படி ஒரு படிப்பு வேண்டாம்."
என் வீட்டுக்காரர் ஷமீல் மச்சானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மாமியைச் சொல்லிக் குற்றமில்லை. மாமா மவுத்தான அன்று தன் கருகமணியைக் கழற்றியவர். பேசும்போது வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

14 செப்டம்பர்
மச்சான் போனில்: "போட்ல ஏறினதும் கழட்டிப் பையில போட்டுக்கோ. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"
எனக்குப் பொய் சொல்ல வராது. ஒர்க்‌ஷாப் தேறாவிட்டால் வருஷமே போச்சு. இதுக்குத்தானா ரெண்டு தடவ இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ் எழுதினேன்? சே. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

16 செப்டம்பர்
செருப்பு மாட்டும்போது மாமி கூப்பிட்டார். "இங்க வா புள்ள. குளியலறையில அழுதா எனக்குக் கேக்காதா?"
என் தலையில் போட்டிருந்த தட்டத்தை ஒதுக்கி, கருகமணியைக் கழற்றினார். மேசையில் வைக்கவில்லை. தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.
"சும்மா கெடக்கக் கூடாது, அவ்வளவுதான். நீ வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்."
யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் மாமி, என்றேன்.
"சொல்லட்டும். போ, போட் போயிரும்."
இன்று என் லேத்தில் இரும்பு சுருள் சுருளாக உரிந்தது. நாணு சார் "கொள்ளாம், நல்லா வந்திருக்கு" என்றார்.

28 அக்டோபர்
மதியமே வந்துவிட்டேன். மாமி கண்ணாடி முன்னால் நின்று மணிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். நல்ல சேலை வேறு. என்னைக் கண்டதும், "இந்தா, கனக்குது" என்று கழற்றப் போனார்.
முதலில் சாயா குடிப்போம் மாமி, என்றேன். அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்வரை நான் கேட்கவில்லை. அவரும் தரவில்லை.

9 டிசம்பர்
ஒர்க்‌ஷாப் பரீட்சை முடிந்தது. தேறிவிட்டேன்!

13 ஜனவரி 2026
புது செமஸ்டர். ஒர்க்‌ஷாப் கிடையாது. செவ்வாய் முழுக்கக் கெமிஸ்ட்ரியும் கணக்கும்தான்.
காலையில் மாமி வாசலில் காத்திருந்தார், அதே நல்ல சேலையில். நான் திரும்பி நின்று தட்டத்தை ஒதுக்கிக் கொடுத்தேன்.
"மெஷின்கிட்ட பாத்து நில்லு புள்ள."
"சரி மாமி," என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.