குணமான ஆடு மறுபடி நொண்டும்

ஜூன் 3

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஆடுகளின் குளம்பு அழுகல் நோய் எப்படிப் பரவுகிறது என்று நான் போட்ட கணித மாதிரியை இன்று கூட்டத்தில் திரையில் பார்த்தேன். என் பெயர் இல்லை. அது பழகிவிட்டது. நலமான ஆடு, நோய்ப்பட்ட ஆடு, குணமான ஆடு என்று மூன்று கட்டங்கள். குணமானதிலிருந்து திரும்ப முதல் கட்டத்துக்கு நான் போட்டிருந்த அம்புக்குறியைத் தூக்கிவிட்டார்கள். அதாவது, ஒருமுறை தேறிய ஆட்டுக்கு இந்த நோய் ஜென்மத்துக்கும் வராது! இது என்ன அம்மையா? ஈர மண்ணில் நடந்தால் அதே ஆட்டுக்கு அதே குளம்பில் கிருமி மறுபடி ஏறும்.

துறைத்தலைவனிடம் கேட்டேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். வரைபடத்தில் அவன் போடும் கோடுகளெல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்குவதால் 'மழமழ' என்று பேர் வைத்ததே நான்தான்.

"அந்த அம்பு இருந்தா கோடு மேலயும் கீழயும் ஆடுதுப்பா. பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும்."

"ஆடு அப்படித்தானே நொண்டுது?"

"நீ மாறவே மாட்ட" என்று தோளில் தட்டினான். பட்ட இடம் இன்னும் எரிகிறது.

ஜூன் 5

மழை. எதிலும் மனம் ஓடவில்லை.

ஜூன் 9

பொது மேய்ச்சல் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் குழு மழமழவின் வரைபடத்தை நம்பி விதி போடப் போகிறதாம். எல்லா மந்தைக்கும் போன மாதமே மருந்து ஊசி போட்டுக் குணமாக்கியாயிற்று; தேறிய ஆடு மறுபடி நொண்டாது என்பது கணக்கு. இனி ஒரு மந்தையில் ஆடுகள் நொண்டினால் குற்றம் சொந்தக்காரருடையது. மேய்ச்சல் அனுமதி ரத்து. மாதக் கடைசியில் முடிவு.

அங்கே ஆடு மேய்க்கும் என் தங்கை வீட்டுக்காரருக்குச் சொந்த நிலம் கிடையாது. அனுமதி போனால் மந்தையை விற்க வேண்டியதுதான்.

ஜூன் 12

தங்கை போன் செய்தாள். அம்மாவின் வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைவு.

"அண்ணா, ஊசி போட்டு நல்லா நடந்ததுங்க, மறுபடி காலைத் தூக்குதுங்க. உங்க ஆபீஸ்தானே இந்தக் கணக்கைப் போட்டுச்சு?"

"இப்ப இருக்கிறது நான் போட்டது இல்லம்மா."

"யார் போட்டா என்ன? ஆடு நொண்டுதே!"

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல்: "மச்சான்கிட்ட சொல்லு, அந்தக் கணக்குல மேயுற ஆட்டுல ரெண்டு நமக்கு அனுப்பட்டும்."

சிரித்துவிட்டேன்.

ஜூன் 16

குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஆறு பக்கம். அம்புக்குறியைத் திரும்பப் போட்டால் கோடு எப்படி வருகிறது, மந்தைகளில் எடுத்த பதிவுகளோடு எப்படிப் பொருந்துகிறது என்பது ஒன்றரைப் பக்கம். மீதியெல்லாம் மழமழ எனக்குச் செய்தது. தட்டிப்பறித்த பதவி உயர்வு, அவன் போய்வந்த என் மாநாடு, ஜன்னலோரத்திலிருந்து மாற்றப்பட்ட என் மேஜை.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"இதுல ஆடு எங்க வருது?"

"நாலாவது பக்கத்துல."

"அதுக்குள்ள குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். உங்க பேரைப் பார்த்ததுமே 'ஓ, அவரா'ன்னுடுவாங்க. அந்தக் குழுவுல நீங்க சண்டை போடாத ஆள் யாராவது மிச்சம் இருக்காங்களா?"

எழுந்து போய்விட்டேன். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

ஜூன் 17

அது என் வேலை! அவன் என் பேரை எடுத்தான்னுதானே இத்தனை வருஷமா வெந்து சாகறேன்? கடிதத்தைப் படிக்கணும்னா இப்ப நானே அதுலேருந்து என் பேரை எடுக்கணுமா? முடியாது. யார் வீட்டு ஆடு எக்கேடு கெட்டா எனக்கென்ன —

எழுதிவிட்டேன். அடித்து அழிக்கவில்லை. அப்படி நினைத்தது உண்மைதான்.

ஜூன் 20

தங்கையிடமிருந்து மறுபடி போன் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும். கேட்காதது வேறு மாதிரி உறுத்துகிறது.

ஒன்றரைப் பக்கத்தை மட்டும் அலுவலகத்துக்கு வெளியே தட்டச்சு செய்தேன். இரண்டு கோடுகள், பதிவுகளின் புள்ளிகள், போட்டுப் பார்க்கத் தேவையான எண்கள். எழுதியவன் யார் என்று தெரியாவிட்டாலும் கணக்கு அதேதான் வரும். மற்ற பக்கங்களைக் கிழிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது.

இது என் வேலை என்று மழமழவுக்கு மட்டும் தெரியும். அவன் அதைச் சொன்னால் அந்த அம்பு யாருடையது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல மாட்டான்.

கடைசி வரிக்குக் கீழே வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடிவிட்டேன். நாளைக் காலை பெயரில்லாமலே தபாலில் போடுகிறேன்.