நம் வீட்டைப் பார்த்துச் சுடலாமா என்று தங்கராசு கேட்டான்

என்னங்க,

கேட்கிறதா? கல்யாணமான நாளிலிருந்து இப்படியே கூப்பிட்டுப் பழகிய வாய். ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் மட்டும் வருமா என்ன?

முதலில் பிள்ளைகள் விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரிய பேரன் அருண், புஜைராவில் எண்ணெய் டேங்குகள் இருக்கும் இடத்தில் சேஃப்டி ஆபீசர் ஆகிவிட்டான். அவன் கையைத் தூக்கி நிறுத்து என்றால் அத்தனை பேரும் வேலையை நிறுத்த வேண்டுமாம். வீட்டில் இவன் சொல்லுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வராது, அங்கே அவ்வளவு மரியாதை. பேத்தி தீபா நர்ஸ் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸாகி, அபுதாபியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். சின்னவள் மித்ரா இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் கப்பு வாங்கினாள். அவள் என்ன பேசினாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் முதலில் கை தட்டியது நான்தான். அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருடம் ஆறுக்குப் போனால் படிப்பில் என்னைத் தாண்டிவிடுவாள். அதை ஷார்ஜா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கு ஆசை. யாரிடம் போய்ச் சொல்ல?

பகலில் இந்த ஃபிளாட்டில் ஏசியும் நானும்தான். நம் மகன் செல்வம் டியூட்டி, மருமகள் கவிதா டியூட்டி, மித்ரா ஸ்கூல். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், திறக்க முடியாது. கீழே கார்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எந்தக் கார் எந்த நேரத்துக்குப் போகும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். குறை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் தங்கமாக வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் கதவு திறக்கும் வரை வாய் திறக்க வேலை இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பென்சிலில் எழுதித் தருவதை கவிதா டைப் செய்து நம் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாள். நாலு பேர் ஒட்டுக் கேட்டால் கேட்கட்டும். நீங்கள் யாருக்குப் பயந்தீர்கள்?

போன வாரம் அருண் லீவில் வந்திருந்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கராசு போன் செய்தான். குரூப்பில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், தங்கராசு, மரவள்ளிக்கிழங்கு போட்டிருக்கும் நம் கப்பைக்காட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டுக்காரன். காட்டுக்கு மேலே நாம், கீழே அவன். என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறக்காத தம்பி.

"மதினி, நல்லா இருக்கீகளா? அங்க வெயிலு மண்டையப் பொளக்குமாமே?"

"வெயிலப் பாத்தாத்தான தம்பி. நான் ஐஸ் பொட்டிக்குள்ள வெச்ச மீனாட்டம் இருக்கேன். ஊர்ல என்ன?"

"கப்ப பூராம் போச்சு மதினி. பன்னி வந்து டிராக்டர் விட்டு உழுத மாதிரி உழுது வெச்சிருக்கு. அண்ணே போகும்போது அதுககிட்ட சொல்லிட்டுப் போயிருப்பாரு போல, நான் கெளம்பிட்டேன், நீங்க போயி நல்லாச் சாப்புடுங்கன்னு."

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் போன பிறகு உங்களைச் சொல்லி இந்த வீட்டில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் விஷயத்துக்கு வந்தான். அவனுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம். பன்றி சுட அனுமதி உள்ளவர்கள் பட்டியலில், உங்கள் பேர் இருந்த இடத்தில், பஞ்சாயத்து அவன் பேரைச் சேர்த்திருக்கிறது. உங்கள் ரெட்டைக்குழல் துப்பாக்கி நீங்கள் போனதிலிருந்து டவுனில் துப்பாக்கிக் கடைக்காரரின் பாதுகாப்பில்தான் கிடக்கிறது. நாம் சம்மதம் எழுதிக் கொடுத்தால் அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் புதிதாக ரைஃபிள் ஒன்று எடுக்கலாம், எது நல்லது என்று கேட்டான்.

துப்பாக்கி என்றதும் அருண் சோற்றை மறந்துவிட்டான். துபாயில் வேட்டைச் சாமான் கடையில் முன்பு அவனோடு ஒரே ரூமில் இருந்த ஒருவன் வேலை பார்க்கிறான். இந்த நாட்டு அரபிகள் வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போக அங்கேதான் வாங்குவார்களாம். இவன் லீவு கிடைத்தால் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வருவான்.

"சின்னத் தாத்தா, ரைஃபிளே எடுங்க. தாத்தா துப்பாக்கியில எல்.ஜி. தோட்டா போட்டீங்கன்னா உள்ள இருக்கிற குண்டெல்லாம் பரவிப் போகும். தூரத்துல ஒண்ணோ ரெண்டோதான் மேல படும். பன்னி சாகாது, காயத்தோட ஓடிப் புதர்ல படுத்துக்கும். மறுநாள் அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போறவங்களக் குத்தும். ரைஃபிள்னா ஒரே குண்டு, முன்னங்காலுக்குப் பின்னால. கலாஸ், கதை முடிஞ்சது!"

"டேய், நீ எண்ணெய் டேங்குக்குக் காவல் இருக்கியா, துப்பாக்கி யாவாரம் பாக்குறியா?" என்றான் செல்வம்.

பிள்ளை சொன்னதில் தப்பில்லை. நீங்களும் அதைத்தானே சொல்வீர்கள். எல்.ஜி. பட்டு ஒரு பன்றி காயத்தோடு ஓடிப்போனதே, விடிந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் வரை நீங்கள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அதைப் புதைத்துவிட்டு வந்து, "பாவம், அது வயித்துக்குத்தானே வந்துச்சு" என்றீர்கள். சுட்ட பன்றியைக் கறி போடக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்பது சட்டம். "இவ்வளவு கறியும் மண்ணுக்கா?" என்று ஊரே வயிறு எரிந்தது. அன்றிலிருந்து வலது குழலில் ஒற்றைக் குண்டுத் தோட்டாதான். இடது குழலில் எல்.ஜி., அதுவும் பன்றி திரும்பி நம் மேலேயே பாய்ந்தால் பக்கத்தில் வைத்து அடிக்க. இதையெல்லாம் அருணோடு உட்கார்ந்து பேச நீங்கள் இருந்திருக்க வேண்டும். தாத்தாவும் பேரனும் பேசுவதை நான் சோறு போட்டுக்கொண்டே கேட்டிருப்பேன்.

ஆனால் நீங்கள் ரைஃபிள் வாங்கவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது சொன்னீர்கள்: "ஏ பேச்சி, அந்தக் குண்டு பன்னியோட நிக்காது. உடம்பத் தொளைச்சுக்கிட்டு அது பாட்டுக்குப் போகும். தப்பிப் போச்சுன்னா இன்னும் தூரம் போகும். பன்னி எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பின்னால யாரு நிக்கிறா?"

அதனால்தான் காட்டு ஓரத்துப் பாறையில் போய் உட்காருவீர்கள். செல்வம் இங்கிருந்து அனுப்பிய டார்ச்சைக் குழலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பன்றி ஓடைக்கரை மண்மேட்டுக்கு முன்னால் வரும்வரை கொசுக்கடியில் காத்திருப்பீர்கள். குண்டு தப்பினாலும் மண்ணுக்குள் போகட்டும் என்று. போகும் முன்னால் கீழ் வீட்டைப் பார்த்து ஒரு விசில். தங்கராசு வீட்டில் பிள்ளைகளையெல்லாம் உள்ளே அழைத்துக்கொண்டு வாசல் விளக்கைப் போடுவார்கள். நானும் நம் வாசல் விளக்கைப் போடுவேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த ரெண்டு பக்கமும் உங்கள் துப்பாக்கி திரும்பியதே இல்லை.

போனில் தங்கராசு மறுபடி பேசினான். "மதினி, தப்பா நெனைக்காதீக. அண்ணே மாதிரி பாறையில உக்கார எம் முட்டி தாங்காது. ரைஃபிள்னா எங்க வீட்டு முத்தத்துல இருந்தே எடுத்துறலாம். ஆனா மேல பாத்துல்ல சுடணும், உங்க வீடு நேரா இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வீட்லதான் யாரும் இல்லையே. அந்தப் பக்கம் பாத்துச் சுட்டுக்கிரட்டுமா?"



அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டுச் செய்கிற பிள்ளை. உங்கள் கேள்வியைத்தான் கேட்டான். பின்னால் யார் நிற்கிறார்கள்? யாரும் இல்லை. நான் பொழுதுக்கும் கூட்டிப் பெருக்கிய வாசல், நீங்கள் வந்து செருப்பைக் கழற்றுகிற படி, எல்லாம் இருட்டாகக் கிடக்கிறது. பயப்படாமல் சுடுவதற்கு அந்த மலையில் தோதான இடம் என்று ஒன்று இருந்தால் அது இப்போது நம் வீடுதான்.

"சுட்டுக்கங்க சித்தப்பா, பூட்டித்தானே கெடக்கு" என்று செல்வம் சொல்லிவிட்டான். அவனும் நல்ல மனதோடுதான் சொன்னான்.

நான் போனை என் பக்கம் இழுத்தேன். "தங்கராசு, வேணாம். அங்க ஆள் இருக்கு."

"யாரு மதினி?"

"நான்தான். வந்துக்கிட்டே இருக்கேன்னு வெச்சுக்க."

அப்புறம் இங்கே நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? "அம்மா, அங்க ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பாக்குறது?" என்று செல்வம் எழுந்துவிட்டான். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாங்க என்ன கொறை வெச்சோம் அத்தை? தனியா எப்படி இருப்பீங்க?" என்றாள். இந்தப் பகல்களைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது இதை டைப் செய்யும்போது படித்திருப்பாள். அழாதே தாயி, உன்னைச் சொல்லவில்லை.

அருண்தான் போனைப் பார்த்துப் பேசினான். அந்தச் சேஃப்டி ஆபீசர் குரல் அன்றைக்குத்தான் எங்கள் காதில் விழுந்தது. "சின்னத் தாத்தா, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். சைட்ல ஒரே ஒரு ஆள் உள்ள இருந்தாலும் நாங்க வால்வைத் தொட மாட்டோம். அப்பத்தா அந்த வீட்ல இருந்தாங்கன்னா ரைஃபிள் மாஃபி, கெடையவே கெடையாது. தாத்தா துப்பாக்கியையே எடுத்துக்கங்க, ஒத்தக் குண்டு போடுங்க, கிட்டப் போயி சுடுங்க."

"முட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்றான் தங்கராசு.

"பாறை மேல நாற்காலி போட்டுக்க" என்றேன். "நான் மேல இருந்து காப்பி குடுத்து விடுறேன்."

அவன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "வாங்க மதினி. மேல வெளிச்சம் இல்லாம எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

துப்பாக்கியைத் தங்கராசு பேருக்கு மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்த காரியம். சரிதானே? மழைக்கு முன்னால், கப்பை நடுகிற நேரத்துக்கு, அருண் லீவு போட்டு என்னைக் கொண்டுபோய் விடுவதாக முடிவு. செல்வம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நேற்று ஒரு புது டார்ச் வாங்கி வந்து என் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனான். யார் பிள்ளை?

இன்னொன்று. இங்கே சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படம் துப்பாக்கி லைசென்சுக்கு எடுத்தது. எங்களையெல்லாம் சுடப்போவது மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். தாத்தா கோபக்காரரா என்று மித்ரா கேட்கிறாள். ஊர்க்காரர்களே, கல்யாண வீட்டிலோ திருவிழாவிலோ இவர் சிரிக்கும்போது எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் குரூப்பில் போடுங்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பழசானாலும் எங்களுக்கு அது புது போட்டோ.

நான் போய் இறங்குகிற அன்று பொழுது சாயும்போது வாசல் விளக்கைப் போடுவேன். கீழேயும் ஒன்று எரியும். நான் இருக்கும் நாள்வரை நம் வீட்டுப் பக்கம் ஒரு குண்டும் வராது, நீங்கள் நிம்மதியாக இருங்கள். அன்றைக்கு மேலே இருந்து பார்த்தால், அந்த வெளிச்சத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு அப்பத்தா,
தங்கராசுக்கு மதினி,
உங்களுக்கு மட்டும்
பேச்சி