மேற்படி பூதம் காக்கும் பாலம்

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் பழைய பால்மாத் தகரத்தை எறிவதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்துக்கு என் மனைவி தலைமை தாங்கினாள். நான் சாட்சியம் அளித்தேன். "துருப்பிடிச்ச ரின். உள்ளுக்க கலண்டர்த் தாள். இது என்னத்துக்கு?" என்று கேட்டாள். ஒரு கூட்டாளியுடையது என்றேன். "அவர் வந்து கேப்பாரா?" என்றாள். இல்லை என்றேன். பதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அந்தக் கூட்டாளி நீ; தகரத்தின் வரலாறு உனக்குத் தெரியும். சண்டைக் கால ஊரடங்கில் தம்பி வீட்டுக்குள் இருந்து விளையாடட்டும் என்று கனடாவிலிருந்து உன் அக்கா ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பினாள். அதில் பலகை இல்லை, காய்கள் இல்லை. ஒரு தடித்த ஆங்கில விதிப் புத்தகம்தான் இருந்தது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குள் வாள்வீரனாக, வைத்தியனாக, மந்திரவாதியாக நடந்து திரிய வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை சொல்லும். தாயக்கட்டையை மட்டும் வழியில் பொதி சோதித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அது இல்லை; அனுமதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலிலும் இல்லை. நீ கலண்டரில் ஒன்று முதல் இருபது வரை கிழித்து, சுருட்டி, தகரத்தில் போட்டுக் குலுக்கினாய்.

நில அளவைக் கந்தோரில் படம் வரைபவன் என்பதால் உலகம் உன் பொறுப்பு. அரச அதிபரின் கச்சேரியில் மொழிபெயர்ப்பு எழுதுவினைஞன் என்பதால் விதிப் புத்தகம் என் பொறுப்பு. "மேற்படி பூதம் பாலத்தைக் கடக்க முற்படும் எந்த நபரையும் விசாரிக்கும் அதிகாரம் உடையது" என்று நான் மொழிபெயர்த்ததைப் படித்துவிட்டு, பூதத்துக்கு ஓய்வூதியம் உண்டா என்று கேட்டாய். மருந்துக் கடை யோகனும் காத்தான்குடியிலிருந்து கைத்தறிச் சாரம் விற்க வரும் ஹனீபாவும் மற்ற இருவர். ஞாயிறு பின்னேரங்களில் உன் வீட்டு விறாந்தையில் கூடுவோம். நீ மலை, ஆறு, கோட்டை எல்லாம் வரைவாய். ஆட்டம் முடிந்ததும் படத்தை அடுப்பில் போடுவாய். வீட்டில் ஒரு வரைபடம் இருந்தால், அது இல்லாத நாட்டின் படம் என்று வீட்டைச் சோதிக்க வரும் ஆமிக்கு யார் விளங்கப்படுத்துவது? அடுத்த கிழமை நினைவிலிருந்து மறுபடியும் வரைவாய். மலை கொஞ்சம் தள்ளி நிற்கும். யாரும் முறையிடவில்லை.

உன் முதலாவது பரிசோதனை காவலே இல்லாத ஒரு பாலம்.

"ஒருத்தரும் இல்ல. அங்கால காடு, ஆறு, என்னவும் இருக்கு. போங்க" என்றாய்.

"ஒருத்தரும் இல்லையெண்டா, ஏன் இல்ல?" என்று ஹனீபா கேட்டான்.

"இல்லையெண்டா இல்லதான்."

"நேத்து இருந்தவங்களா? எத்தின மணிக்குப் போனவங்க?" இது யோகன்.

"நேத்தெண்டு ஒண்டு இல்ல மச்சான். இது கதை."

மிதிவெடி இருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று நான் கேட்டேன். இது வாள் காலம் என்றாய். "வாள் காலத்து மிதிவெடி" என்று யோகன் திருத்தினான். மாலை நாலரை வரை மூவரும் அந்தப் பாலத்தின் இந்தப் பக்கத்திலேயே நின்றோம். பிறகு ஹனீபா எழும்பி, கல்லடிப் பாலத்தால் வீட்டுக்குப் போனான். அங்கே காவல் இருந்ததால் அவனுக்குப் பயமில்லை.

அடுத்த கிழமை நீ வெறுத்துப்போய்ப் பாலத்தில் ஒரு பூதத்தை நிறுத்தினாய். எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆமிச் சென்றியில் சைக்கிளை விட்டு இறங்குவதுபோல, சொல்லாமலே குதிரைகளை விட்டு இறங்கினோம். "ஐயா, குதிர என்ர பேரிலதான் பதிஞ்சது" என்றான் யோகன். நீ பென்சிலைக் கீழே வைத்தாய். "உங்களுக்கு வெளியக் காட்டத்தான் இந்தப் பெட்டியத் திறந்தன். நீங்க சென்றியக் கேட்டு வாங்கிறீங்க" என்றாய்.

சில மாதங்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்டு, எங்கள் ஊருக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் போக்குவரத்து இல்லாமல் போனது. ஹனீபா வரவில்லை. அவனுடைய மந்திரவாதியைச் சாகடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு மரத்தடியில் நித்திரையாக்கினோம். ஒவ்வொரு புதிய படத்திலும் அந்த மரத்தை மறக்காமல் வரைந்தாய்.

கடைசிப் பரிசோதனையை நான்தான் முன்மொழிந்தேன். அக்கா உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட எழுதிப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை கொழும்பில் உனக்கு விசா நேர்முகம். வியாழக்கிழமை பஸ் எடுத்து, விசா வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். வழியில் இறக்கி விசாரிப்பார்கள், ஒரு தரம் விளையாடிப் பார்ப்போம் என்றேன். அன்று உன் கதிரையில் நான் இருந்தேன், விசாரிக்கும் ஆமியாக. தகரம் உங்களுக்குத் தெரியாமல் இருக்க ஒரு ஃபைல் மட்டையை நிமிர்த்தி வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ நீயாகவே ஆடினாய்.

"இறங்கு. ஐசி காட்டு, அடையாள அட்ட. கொழும்பில ஆரு இருக்கா?"

"ஆருமில்ல. லொட்ஜில நிப்பன்."

"ஆருமில்லாத ஊருக்கு என்னத்துக்குப் போறாய்?"

"டேய், அவன் இப்பிடித் தமிழிலயா கேப்பான்?" என்றான் யோகன்.

"சிங்களத்தில கேட்டா உங்களுக்குக் கேள்வியே விளங்காது" என்றேன்.

பத்துக்கு மேல் வந்தால் நீ பஸ்ஸில் ஏறலாம் என்பது விதி. முதல் தரம் நான்கு வந்தது. இரண்டாம் தரம் ஏழு. மூன்றாம் தரம் மட்டைக்குப் பின்னால் நான் தாளை விரித்துப் பார்த்தேன். பதினேழு.

"மூண்டு" என்றேன்.

இதை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன். நான் பயந்தது உனக்காக என்று பல வருடங்கள் எனக்கே சொல்லி வந்தேன். நல்ல வாக்கியம், எந்த ஃபைலிலும் போடலாம். உண்மையில், நீ போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லை. யோகனுக்கு வரையத் தெரியாது. எனக்குச் சுற்றறிக்கை மட்டும்தான் எழுதத் தெரியும்.

நீ சிரித்தாய். "மூண்டு தரமும் எண்டா சரியில்ல மச்சான். அடுத்த மாசம் திகதி மாத்திக் கேப்பம். மறுகா போறன்" என்றாய். தாயக்கட்டையை நம்புகிறவன் அல்ல நீ. ஆனால் அந்த வருடங்களில் யார் வீட்டிலும் புறப்படுகிறவன் வாசலில் பல்லி சொன்னாலே பயணம் நின்றுவிடும். கலண்டர் சொன்னதை எப்படித் தட்டுவது?

நேர்முக நாள் கழிந்து வந்த திங்கட்கிழமை காலை ஆமிக்காரர் உன் தெருவையும் என் தெருவையும் சுற்றிவளைத்தார்கள். ஆண்களை மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். ஆள் காட்டிக்கொடுக்கும் சாக்கு மூடிய தலை ஒன்று ஒவ்வொருவர் முன்னும் வந்து நின்று போனது. உன் முன்னால் அது ஆடியது; உன்னை எழுப்பிக் கொண்டுபோனார்கள். நான் உனக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் தெரிந்தவன் ஆகிவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

உன்னைத் தேடி உன் அம்மா ஒவ்வொரு மாதமும் கச்சேரிக்கு வந்தா. கடிதங்களை மூன்று மொழியிலும் நானே அடித்துக் கொடுத்தேன். "மேற்படி நபர்" என்று உன்னைப் பற்றி எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது. "நீ எழுதினா வடிவா இருக்கும் மகன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னா. அவ கண் மூடும்வரை நான் பதினேழைப் பற்றிச் சொல்லவில்லை.

இப்போது பாதைகள் எல்லாம் திறந்திருக்கின்றன. கல்லடியில் புதுப் பாலம் வந்துவிட்டது. அதன் நடுவில் யாரும் நிற்பதில்லை. அங்கே வரும்போது என் கால் தானாகச் சைக்கிளை விட்டு இறங்கிவிடும். பின்னால் வருகிற பிள்ளைகள் ஹோர்ன் அடிக்கிறார்கள். நான் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். இதுதான் உன்னிடமிருந்து எனக்கு எஞ்சியது என்று சொன்னால் நீ பென்சிலைக் கீழே வைப்பாய்.

நீ எடுக்காத அந்த வியாழக்கிழமை பஸ்ஸில் யோகனின் மாமி போயிருந்தா. மன்னம்பிட்டிச் சென்றியில் எல்லோரையும் இறக்கி, பைகளைப் பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். பஸ் பின்னேரம் ஐந்தரைக்குக் கொழும்பு போய்ச் சேர்ந்தது.